செட்டிநாட்டு வெயிலில் ஓர் எம்ஜிபி: பழைய காருக்கு ஏசி பொருத்திய அனுபவம்

பங்குனி பிறந்ததும் கொட்டகைக்குள் போகும் எங்கள் எம்ஜிபி கார், ஐப்பசி மழை விழுந்து மண் குளிர்ந்த பிறகுதான் வெளியே வரும் என்பது முப்பது ஆண்டுகளாக எங்கள் வீட்டில் இருந்த வழக்கம். அது 1966ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் உருவான ஜிடி வகைக் கார். கூரை கழற்ற முடியாதது. பின்பக்கம் பெரிய கண்ணாடிக் கதவு சரிவாக இறங்கும். முன்னால் இருவர் மட்டுமே வசதியாக உட்காரலாம். சென்னையில் வெளிநாட்டுத் தூதரக அதிகாரி ஒருவர் வைத்திருந்ததை 1971இல் என் பெரியப்பா ஏலத்தில் எடுத்து, புதுக்கோட்டை வழியாகக் காரைக்குடிக்குத் தாமே ஓட்டி வந்தார். குளிர்நாட்டுச் சாலைகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட அந்தக் காரில் கால்மாட்டுக்குச் சூடு தரும் ஹீட்டர் இருந்தது; குளிர்விக்கும் ஏற்பாடு எதுவும் இல்லை.

ஏசி பொருத்த நான் முடிவு செய்ததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. பெரியப்பாவுக்கு எண்பது வயதைத் தாண்டிவிட்டது. இதய அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவர் வெயிலில் இருக்கக் கூடாது என்று மருத்துவர் உறுதியாகச் சொல்லிவிட்டார். ஆனால் தம்முடைய காரில் ஏறிக் குன்றக்குடிக்கும் பிள்ளையார்பட்டிக்கும் போய்வர வேண்டும் என்ற ஆசை அவருக்குக் குறையவில்லை. இரண்டாவது காரணம் காரைச் சேர்ந்தது. ஓடாமல் நிற்கும் பழைய கார் ஓடும் காரைவிட வேகமாகக் கெடும். எஸ்யு கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்தில் பெட்ரோல் காய்ந்து பிசினாகும், பிரேக் சிலிண்டரின் ரப்பர் வாசர்கள் ஒட்டிக்கொள்ளும், பாட்டரி இறங்கும். ஆண்டில் ஏழு மாதம் நிறுத்திவைத்ததன் பலனை ஒவ்வொரு கார்த்திகையிலும் நாங்கள் மெக்கானிக் கூலியாகக் கொடுத்துவந்தோம்.

முதல் முயற்சி தவறாகப் போனது. வெளியூரில், பெரிய நகரம் ஒன்றின் பட்டறையில் கொடுத்தேன். சிறிய கார் ஒன்றிலிருந்து கழற்றிய, கேஸை அழுத்தும் கம்ப்ரசர், அதே காரின், வெப்பத்தை வெளியே விடும் கண்டென்சர், டேஷ்போர்டுக்குக் கீழே தொங்கவிடும், காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயில் பெட்டி ஆகியவற்றைப் பத்து நாளில் பொருத்திக் கொடுத்தார்கள். இன்ஜினுக்கும் உள்ளறைக்கும் இடையிலுள்ள தகட்டில் மூன்று துளைகள் புதிதாகப் போட்டிருந்தார்கள். பட்டறை வாசலில் ஏசி நன்றாகவே குளிர்ந்தது. சித்திரை மாதம், பகல் பதினொரு மணிக்குப் பெரியப்பாவையும் ஏற்றிக்கொண்டு புதுக்கோட்டையைத் தாண்டினேன். திருமயம் கோட்டை கண்ணுக்குத் தெரிந்த நேரத்தில் வெப்பமானியின் முள் கடைசிக் கோட்டைத் தொட்டது. ரேடியேட்டர் மூடி வழியாக ஆவி சீறியது. வண்டியைப் புளியமரத்தடியில் நிறுத்தி, ஆறவைத்துத் தண்ணீர் ஊற்றிச் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் அசையவில்லை. பாட்டரியும் இறங்கியிருந்தது. நனைத்த துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஒன்றரை மணி நேரம் அந்த மரத்தடியில் உட்கார்ந்திருந்த பெரியப்பா என்னை ஒரு வார்த்தையும் கடிந்துகொள்ளவில்லை. அது எனக்கு இன்னும் கனமாக இருந்தது.

அதன் பிறகுதான் விஷயத்தை அடியிலிருந்து படித்தேன். ஏசி என்பது குளிரை உண்டாக்கும் இயந்திரம் அன்று. ஓரிடத்து வெப்பத்தை எடுத்து இன்னோரிடத்தில் கொண்டுபோய்க் கொட்டும் இயந்திரம். ஒரு டன் ஏசி என்றால் மணிக்குப் பன்னிரண்டாயிரம் பிடியு, அதாவது ஏறத்தாழ மூன்றரை கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும் திறன். ஒரு படுக்கையறைக்குப் போதுமான அந்த அளவு, இரண்டு பேர் உட்காரும் காருக்குச் சில நேரம் போதாது. உச்சிவெயிலில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறக்குறைய ஒரு கிலோவாட் சூரிய வெப்பம் விழுகிறது. ஜிடியின் முன்கண்ணாடியும் பின்கண்ணாடியும் அதை உள்ளே விடுகின்றன. இன்ஜின், கியர்பாக்ஸ், புகைக்குழாய் ஆகியவற்றின் சூடு தரை வழியாக ஏறுகிறது. இவ்வளவையும் உள்ளேயிருந்து எடுக்கும் ஏசி, கம்ப்ரசர் செய்த வேலையின் வெப்பத்தையும் சேர்த்து, ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டென்சரில் கொட்டுகிறது. ஏற்கெனவே வெயிலில் திணறும் ரேடியேட்டருக்கு அந்தச் சூடான காற்றுதான் கிடைக்கிறது. திருமயத்தில் நடந்தது இதுதான்.

காரைக்குடியில் நாற்பது ஆண்டுகளாக அம்பாசடர் கார்களைப் பார்த்துவரும் மெக்கானிக் பாயிடம் காரைக் கொண்டுபோனேன். அம்பாசடரின் பழைய 1489 சிசி பெட்ரோல் இன்ஜினும், எம்ஜிபியின் 1798 சிசி இன்ஜினும் பிஎம்சி நிறுவனத்தின் பி-சீரிஸ் என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒன்றை அறிந்தவர் கைக்கு மற்றொன்று அந்நியமாக இருக்காது. பானெட்டைத் திறந்து நெடுநேரம் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: “தம்பி, குளிர் வர்றதைப் பத்தி அப்புறம் பேசுவோம். உள்ளே சூடு எங்கெங்கே இருந்து வருதுன்னு முதல்ல பார்ப்போம்.” செட்டிநாட்டு வீட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு அது உடனே விளங்கியது. எங்கள் வீடுகளில் கனமான சுவரும் சுண்ணாம்புப் பூச்சும் உயர்ந்த கூரையும் வளவு எனும் உள்முற்றமும் முதலில் வெப்பத்தைத் தடுக்கின்றன. மின்விசிறி எல்லாம் அதற்குப் பிறகு வந்தது.

முதலில் பார்த்தது ஹீட்டர். சிலிண்டர் ஹெட்டிலிருந்து சுடுநீர் ஒரு வால்வு வழியாக ஹீட்டருக்குப் போகிறது. வால்வை முழுக்க மூடிவிட்டு இன்ஜினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, ஹீட்டர் குழாயைத் தொடச் சொன்னார். கை வைக்க முடியவில்லை. அரை நூற்றாண்டுப் பழைய வால்வு உள்ளே கசிந்துகொண்டிருந்தது. அதாவது எத்தனையோ கோடைகளாக நாங்கள் எரியும் அடுப்பு ஒன்றைக் கால்மாட்டில் வைத்துக்கொண்டு பயணம் செய்திருக்கிறோம். வால்வைக் கழற்றி, அந்த இடத்தைத் தகடும் கேஸ்கெட்டும் வைத்து அடைத்தார். அன்று மாலையே கால்மாட்டுச் சூடு ஆறு டிகிரி குறைந்ததை வெப்பமானி காட்டியது. ஏசிக்காக ஒரு ரூபாய் செலவழிக்கும் முன்பு இதைச் செய்துபாருங்கள் என்று பழைய கார் வைத்திருக்கும் எல்லாருக்கும் சொல்லிவருகிறேன்.

அடுத்த வேலையை இரவில் செய்தோம். பானெட்டுக்குள் ஒரு பிரகாசமான விளக்கை எரியவிட்டு மூடிவிட்டு, பட்டறை விளக்குகளை அணைத்துவிட்டு, நான் காருக்குள் தரையோடு தலையை வைத்துப் படுத்துக்கொண்டேன். டேஷ்போர்டுக்கு அடியில், பெடல்களுக்குப் பின்னால், ஸ்டியரிங் கம்பி நுழையும் இடத்தில், கியர் கம்பியின் கிழிந்த ரப்பர் உறையில் என்று நட்சத்திரம் போலப் பதினொரு இடங்களில் வெளிச்சம் தெரிந்தது. வெளிச்சம் வரும் ஒவ்வொரு துளையும் இன்ஜின் சூடு வரும் வழி. முந்தைய பட்டறை போட்ட மூன்று துளைகளும் அந்தப் பதினொன்றில் இருந்தன. எல்லாவற்றுக்கும் ரப்பர் வளையமும் அடைப்பும் வைத்துவிட்டு மறுபடி விளக்கை எரித்துப் பார்த்தபோது உள்ளே முழு இருட்டு. பிறகுதான் தரையிலும் கியர்பாக்ஸ் மேட்டிலும் அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டைல் விரிப்பையும், அதன்மேல் நுரை விரிப்பையும் போட்டோம். கூரைத் துணியை இறக்கி அதற்கு மேலும் நுரை வைத்தோம். கரும்பச்சை நிறக் கார் என்பதால் கூரைக்கு இது மிகவும் தேவைப்பட்டது.

பி-சீரிஸ் இன்ஜினில் கார்புரேட்டரும் புகைக்குழாயும் ஒரே பக்கம், ஒன்றின்மேல் ஒன்றாக இருப்பதால் நம் ஊர் வெயிலில் பெட்ரோல் கொதித்து ஆவியாகி வண்டி நின்றுபோவதும் உண்டு. இடையிலுள்ள வெப்பத் தடுப்புத் தகட்டைப் புதுப்பித்தோம். பழைய தகடுகளில் ஒட்டியிருக்கும் சாம்பல் நிறப் பட்டை கல்நாராக (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும். அதை உலர்ந்த நிலையில் சுரண்டவே கூடாது. நனைத்து, தூசு பறக்காமல், முகக்கவசம் அணிந்து எடுக்க வேண்டும்.

மின்சாரக் கணக்குதான் என்னை அதிகம் சிந்திக்க வைத்தது. இன்றைய கார்களில் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் இந்தக் காரில் கிடையாது. லூகாஸ் சி40 என்ற பழைய டைனமோ மட்டுமே. நல்ல வேகத்தில் அது 22 ஆம்பியர் தரும். வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும்போது ஏறக்குறைய ஒன்றும் தராது. ஏசியின் ஊதுவிசிறிக்கு எட்டுப் பத்து ஆம்பியர், கம்ப்ரசர் கிளட்ச்சுக்கு நான்கு, கண்டென்சர் விசிறிக்குப் பத்துப் பன்னிரண்டு, முகப்பு விளக்குகளுக்கு எட்டு ஒன்பது, இக்னிஷனுக்கு மூன்று நான்கு என்று கூட்டினாலே முப்பத்தைந்தைத் தொடுகிறது. டைனமோவை வைத்துக்கொண்டு ஏசி போட்டால் ஒவ்வொரு பயணத்திலும் பாட்டரியைக் கரைத்துக்கொண்டேதான் போக வேண்டும். ஆகவே 65 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் ஒன்றைத் தேர்ந்தோம். 1961இல் சென்னைப் பாடியில் தொடங்கப்பட்ட லூகாஸ் டிவிஎஸ் நிறுவனத்தின் ஆல்டர்னேட்டரும் அதற்கான உதிரிபாகமும் எந்த ஊரிலும் கிடைக்கும் என்பதால் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கவில்லை. நடுவழியில் பழுதானால் மறுநாளே மாற்ற முடியுமா என்பதையே ஒவ்வொரு பாகத்துக்கும் அளவுகோலாக வைத்துக்கொண்டோம்.

ஆல்டர்னேட்டர் போடுவதற்கு முன் காரின் துருவத்தையே மாற்ற வேண்டியிருந்தது. 1967 வரை வந்த எம்ஜிபிகளில் பாட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். அப்படியே ஆல்டர்னேட்டரைக் கொடுத்தால் அதன் டயோடுகள் அந்தக் கணமே எரிந்துவிடும். இருக்கைகளுக்குப் பின்னால், தரைக்கு அடியில் இருந்த இரண்டு ஆறு வோல்ட் பாட்டரிகளை எடுத்துவிட்டு ஒரே பன்னிரண்டு வோல்ட் பாட்டரியை நெகட்டிவ் எர்த்தாக இணைத்தோம். இக்னிஷன் காயிலின் இரு வயர்களை இடம் மாற்றினோம். பாயிண்ட் வைத்த பழைய எஸ்யு பெட்ரோல் பம்ப்புக்குத் துருவம் எப்படியிருந்தாலும் ஒன்றுதான். சிக்கல் ஆர்பிஎம் மீட்டரில் இருந்தது. அதன் உள்ளே மின்னணுச் சுற்று இருப்பதால் திறந்து, உள்ளிணைப்புகளைத் தலைகீழாக்க வேண்டும். பெரியகடைப் பகுதியில் கடிகாரம் பழுதுபார்க்கும் ஒருவர் கண்ணில் உருப்பெருக்கியை வைத்துக்கொண்டு அரை மணி நேரத்தில் அந்தப் பற்றவைப்பைச் செய்து கொடுத்தார். முள் அன்று முதல் தவறாமல் நிற்கிறது. இந்தக் காலத்து எம்ஜிபியில் வேலை செய்யும் ஃபியூஸ்கள் மொத்தம் இரண்டுதான் என்பதால், ஏசியின் ஒவ்வொரு மின்பாகத்துக்கும் தனி ஃபியூஸும் தனி ரிலேயும் வைத்து, பழைய வயர்களில் ஒன்றின்மீதும் புதிய சுமையை ஏற்றாமல் விட்டோம்.

ரேடியேட்டரின் உள்கூட்டை (கோர்) மாற்றி ஒரு வரிசை அதிகமாகப் பித்தளையிலேயே கட்டினோம். கண்டென்சரைப் பொறுத்தவரை, பழைய பாணியில் ஒரே குழாய் வளைந்து வளைந்து போகும் வகையை விட்டுவிட்டு, பல மெல்லிய குழாய்களில் ஒரே நேரத்தில் கேஸ் ஓடும் பேரலல் ஃப்ளோ வகையை வாங்கினோம். ஏசியில் சுழன்று வெப்பத்தைச் சுமக்கும் ஆர்134ஏ கேஸுக்கு அதுவே ஏற்றது. ஆயில் கூலரைக் கீழே இறக்கினோம். இன்ஜினோடு சுழலும் விசிறி நிற்கும் நேரத்தில் மெதுவாகத்தான் சுழலும் என்பதால் பன்னிரண்டு அங்குல மின்விசிறி ஒன்றைச் சேர்த்தோம். இத்தனை செய்தும் நின்ற நிலையில் ஏசிக் குழாயில் கேஸின் உயரழுத்தம் 310 பிஎஸ்ஐ என்று மிகையாகக் காட்டியது. ஊரெல்லாம் கேஸ் அதிகம் என்று சொன்னார்கள். பாய் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி கண்டென்சரின் ஓரத்தில் பிடித்தார். புகை கண்டென்சருக்குள் நுழையாமல், பக்கத்து இடைவெளியிலிருந்து முன்பக்கமாக வெளியே வந்தது. இன்ஜின் அறையின் சூடான காற்று சுற்றி வந்து மறுபடி விசிறிக்குள் போய்க்கொண்டிருந்தது. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் சுற்றிலும் இருந்த ஒரு அங்குல, இரண்டு அங்குல இடைவெளிகளை நுரைப் பட்டையாலும் அலுமினியத் தகட்டாலும் அடைத்தோம். அதே கேஸ், அதே விசிறி. அழுத்தம் 245 பிஎஸ்ஐக்கு இறங்கியது. என் அனுபவத்தில் பொருட்செலவு மிகக் குறைவாகவும் பலன் மிக அதிகமாகவும் இருந்த வேலை அந்த அடைப்புதான்.

கம்ப்ரசராகச் சாண்டன் 508 வகையைப் பயன்படுத்தினோம். ஐந்து சிலிண்டர், 138 சிசி. அது இன்ஜினிடமிருந்து நான்கைந்து குதிரைத்திறனை எடுத்துக்கொள்ளும். 95 குதிரைத்திறன் இன்ஜினுக்கு அது பெரிதன்று என்றாலும், வண்டி நின்றிருக்கும்போது வேகம் தடுமாறும். கம்ப்ரசரின் கிளட்ச் பிடித்ததும் திராட்டிலைச் சற்றே திறந்துவிடும் சொலினாய்டு என்ற சிறு மின்காந்தக் கருவி ஒன்று அதைச் சரிசெய்தது. கிராங்க் புல்லியில் ஒரே பள்ளம் இருந்ததால், அசல் புல்லியைத் தொடாமல், அதன் முகத்தில் இன்னொரு பள்ளமுள்ள வளையத்தை லேத்தில் கடைந்து பொருத்தினோம்.

கம்ப்ரசரைத் தாங்கும் பிராக்கெட் விஷயத்தில் நாங்களும் ஒரு தவறு செய்தோம். ஆறு மில்லிமீட்டர் தகட்டில், இன்ஜினின் முன்தகட்டில் இரண்டு போல்ட்டுகளோடு முதல் பிராக்கெட் அமைந்தது. அசைத்துப் பார்த்தால் பாறை போலிருந்தது. இரண்டு மாதம் கழித்து பெல்ட் ஒரு கீச்சொலி எழுப்பியது. டார்ச் அடித்துப் பார்த்தபோது, பற்றவைத்த இடத்தின் ஓரத்தில் தலைமுடி அளவில், செம்மண்ணைத் தொட்டு வரைந்தது போன்ற ஒரு கோடு தெரிந்தது. விரலால் துடைத்தேன்; துடைத்த இடத்தில் ஒரு வாரத்தில் மறுபடி அதே செந்தூள். இரும்பு இரும்போடு நுண்மையாக உரசும்போது உதிரும் துருப்பொடி அது. விரிசல் தொடங்கிவிட்டது என்பதன் அடையாளம். நான்கு சிலிண்டர் இன்ஜினின் அதிர்வு ஒரு கணம்கூட ஓய்வதில்லை. இரண்டாவது பிராக்கெட்டைப் பன்னிரண்டு மில்லிமீட்டர் தகட்டில், நான்கு போல்ட்டுகளோடு, குறுக்கே முக்கோணத் தாங்கி வைத்துச் செய்தோம். இப்போதும் மாதம் ஒருமுறை டார்ச்சோடு செந்தூளைத் தேடிப் பார்க்கிறேன். பெல்ட்டும் புல்லிகளும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்பதை நீண்ட இரும்பு அளவுகோலை வைத்தே பார்க்க வேண்டும். கண்ணுக்கு நேராகத் தெரிவது போதாது.

கூலிங் காயிலை எங்கே வைப்பது என்பதில் பெரியப்பாவுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. உலகில் முதலில் ஏசி கொடுத்த கார்களில் ஒன்றான அமெரிக்க பேக்கார்டு, 1940ஆம் ஆண்டு மாடலில் காயிலைப் பின்பக்கம்தான் வைத்தது. அதன் கம்ப்ரசருக்குக் கிளட்ச்சே இல்லாததால் ஏசியை நிறுத்த பெல்ட்டைக் கழற்ற வேண்டியிருந்தது. டேஷ்போர்டின் தோற்றம் கெடக் கூடாது என்பதால் நம்முடையதையும் பின்னால் வைக்கலாம் என்பது என் யோசனை. “பிடரியில அடிக்கிற காத்து எனக்கு ஆகாதுப்பா” என்று பெரியப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அவர் சொன்னது சரி. முகத்திலும் மார்பிலும் படும் குளிர்காற்றுதான் உடம்பை ஆற்றும். ஆகவே இடதுபக்கம், கையுறைப் பெட்டிக்கு அடியில் மெல்லிய பெட்டியை உயர்த்திப் பொருத்தினோம். ஹோஸ்களைக் கொண்டுபோகப் புதிய துளை எதுவும் போடவில்லை. ஹீட்டரைக் கழற்றியதால் காலியான அசல் துளைகளே போதுமானவையாக இருந்தன. ஹீட்டர் பெட்டியைத் துடைத்து எண்ணெய் பூசித் துணியில் சுற்றி இரண்டாங்கட்டு அறையில் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

இங்கே சட்டத்தையும் சொல்ல வேண்டும். 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி ஐம்பது ஆண்டைத் தாண்டிய கார்களை விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்யலாம்; ஆனால் சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இல்லாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும், அன்றாடப் பயன்பாட்டுக்கு ஓட்டக் கூடாது. எங்கள் கார் பழைய பதிவிலேயே இருக்கிறது. எனினும் நாளை என் பிள்ளைகள் விண்டேஜ் பதிவை விரும்பினால் ஒரு வார வேலையில் ஏசி முழுவதையும் கழற்றி, காரை 1966இல் இருந்தபடி நிறுத்த முடியும். முந்தைய பட்டறையின் மூன்று துளைகள் மட்டும் இன்றும் என் மனத்தை உறுத்துகின்றன.

கேஸ் அடிப்பதில் அவசரமே ஆகாது. ஹோஸ்கள் உள்ளே நைலான் பூச்சுள்ள பேரியர் வகையாக இருக்க வேண்டும். பழைய ஆர்12 கேஸ் காலத்து ரப்பர் ஹோஸில் ஆர்134ஏ மெல்லக் கசிந்து போய்விடும். கேஸிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் ட்ரையரைக் கடைசியாக, குழாய்களிலிருந்து காற்றை இழுத்தெடுக்கும் வாக்குவம் போடும் நாளன்றுதான் பொட்டலத்திலிருந்து பிரிக்க வேண்டும். பிரித்து வைத்தால் அது காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடும். ஆர்134ஏவோடு கம்ப்ரசருக்குப் பயன்படும் பாக் எண்ணெயும் அப்படித்தான். 29 அங்குலப் பாதரச அளவுக்கு வாக்குவம் இறங்கினால் குழாய்க்குள் இருக்கும் ஈரம் சாதாரண வெப்பத்திலேயே கொதித்து வெளியேறும். நம் ஊர் வெயில் அதற்குத் துணை செய்கிறது. முதல் நாள் ஒரு மணி நேரம் வாக்குவம் போட்டு நிறுத்தியபோது மீட்டர் முள் அசையாதது போலத்தான் இருந்தது. தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் ஒரு கோடு இறங்கியிருந்தது. உலர் நைட்ரஜனை ஏற்றி, ஒவ்வோர் இணைப்பிலும் சோப்பு நுரை தடவிப் பார்த்தோம். ட்ரையர் இணைப்பில் குண்டூசித் தலை அளவு ஒரே ஒரு குமிழி எழுந்தது. ஓ-ரிங் எண்ணெய் தடவாமல் மாட்டப்பட்டு மடிந்திருந்தது. அதை மாற்றி, மறுபடி வாக்குவம் போட்டு, இரவு முழுவதும் விட்டு, காலையில் முள் அதே இடத்தில் நின்ற பிறகே கேஸ் ஏற்றினோம். கேஸ் ஓடுவதைப் பார்க்க வைத்த சிறு கண்ணாடியில் குமிழியைப் பார்த்து ஆர்134ஏ அளவை முடிவு செய்யக் கூடாது. எடை போட்டு, இரு அழுத்தங்களையும் கூலிங் வெப்பத்தையும் சேர்த்துப் பார்த்தே நிறுத்த வேண்டும். எங்களுக்கு 650 கிராமில் சரியாக நின்றது.

மே மாதம், வெளியே 39 டிகிரி. தேவகோட்டைச் சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வரும் வாயில் 8 டிகிரி. கால் மணி நேரத்தில் உள்ளறை 26. இன்ஜின் வெப்பமானி தன் வழக்கமான இடத்திலிருந்து அரை விரலளவு ஏறி அங்கேயே நின்றது. நின்ற நிலையில் வாய்க்காற்று 15 வரை உயர்கிறது. அதற்குமேல் இந்தக் காரிடம் எதிர்பார்ப்பது நியாயம் அன்று. மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயிலின் பங்குனித் திருவிழா நெரிசலில் முக்கால் மணி நேரம் ஊர்ந்தும் ஆவி சீறவில்லை. செலவு, முதல் பட்டறையில் போனதை விட்டுவிட்டு, ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய். அதில் பாதிக்கு மேல் ரேடியேட்டர், ஆல்டர்னேட்டர், வயரிங், விரிப்பு ஆகியவற்றுக்கே ஆனது. ஏசி இல்லாவிட்டாலும் அவை இந்தக் காருக்குச் செய்யப்பட்டிருக்க வேண்டியவை. ஆதலால் கம்ப்ரசர் விலையைக் கேட்டுவிட்டுக் கணக்குப் போடுகிறவர்கள் அதை இரண்டு மடங்குக்கு மேலாகவே எண்ணிக்கொள்வது நல்லது.

மார்கழியிலும் வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஏசியை ஓடவிடுகிறோம். கேஸோடு சேர்ந்து ஓடும் எண்ணெய்தான் கம்ப்ரசர் அச்சின் சீலை நனைத்து வைக்கிறது. மாதக்கணக்கில் நிறுத்தினால் சீல் காய்ந்து கேஸ் போய்விடும். நிறுத்திய பிறகு காருக்கு அடியில் தண்ணீர் சொட்டுகிறதா என்று குனிந்து பார்ப்பதும் வழக்கமாகிவிட்டது. சொட்டவில்லை என்றால் வடிகுழாய் அடைத்திருக்கிறது, தண்ணீர் உள்ளே விரிப்புக்கு அடியில் தேங்கித் தரைத் தகட்டைத் துருப்பிடிக்க வைக்கும் என்று பொருள்.

இன்னும் தீராமல் இருப்பது பின்கண்ணாடி. கோயில் வாசலில் ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டு வந்தால் அதன் வழியாக இறங்கிய வெயிலில் உள்ளறை அடுப்பாகிறது; முதல் ஐந்து நிமிடம் ஏசி அதோடு போராட வேண்டியிருக்கிறது. போன வாரம் பெரியப்பாவே ஒரு வழி சொன்னார். கோரைப்பாயை அந்தக் கண்ணாடியின் அளவுக்கு வெட்டி, ஓரத்துக்குத் துணி தைத்து, நிறுத்தும்போது விரித்து ஓடும்போது சுருட்டி வைக்கும்படி செய்யச் சொல்லியிருக்கிறார். அளவெடுத்துக் கொடுத்திருக்கிறேன்; கோரைப்பாய் தைத்து வந்ததும் பிள்ளையார்பட்டிக்குப் போய் வெப்பமானியை வைத்துப் பார்க்க வேண்டும்.